இரத்மலானைக்கு ஐம்பத்தைந்து நிமிடம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கு ஆகாய வழியில் இருநூற்றிருபது கிலோமீற்றர். பறக்கும் நேரம் ஐம்பத்தைந்து நிமிடம். காற்று எதிர்த்தால் ஐந்து பத்து நிமிடம் கூடலாம். ஏழு வருடத்தில் நல்லரத்தினம் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார் என்று கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. கேட்டவர்கள் எல்லோரும் ஒரேமாதிரித்தான் வாயைப் பிளந்தார்கள்.

"பஸ்ஸில இடுப்பு ஒடியப் பத்து மணித்தியாலம் போறம். ஐம்பத்தஞ்சு நிமிஷமா?"

"ஓம்."

அந்த ஓமுக்குப் பின்னால் ஒரு சொல் வராது. கேட்டவர் இன்னும் ஏதாவது சொல்லுவார் என்று நின்றுபார்த்துவிட்டுப் போய்விடுவார். ஏழு வருடமாக அடுத்தவரை ஏற்றி ஏற்றி அனுப்பினாரே தவிர, அந்தப் பிளேனில் அவர் ஒருநாளும் கால் வைத்ததில்லை. அவர் ஏற வேண்டி வந்த நாளைப் பற்றியதுதான் இந்தக் கதை. அதற்கு முன் அவர் யார் என்று தெரியவேண்டும்.

சமாதானக் காலத்தில், இரண்டாயிரத்து இரண்டில், ஒரு சின்னக் கம்பனி பன்னிரண்டு பேர் இருக்கக்கூடிய பிளேன் ஒன்றைக் கிழமைக்கு மூன்று நாள் விட்டது. திங்கள், புதன், சனி. டவுனில் டிக்கட் எழுத ஒரு கந்தோர் திறந்தார்கள். ஆட்களை அங்கே சேர்த்து வான் வண்டியில் ஏற்றி, வாவிக்கு மேற்கே விமானப்படை முகாமுக்குள் இருந்த ஓடுபாதைக்குக் கொண்டுபோவார்கள். பிளேன் சின்னது. பையை மட்டும் நிறுத்தால் போதாது, ஆளையும் நிறுக்கவேண்டும். அதற்குக் கூச்சப்படாத ஒருவர் தேவைப்பட்டது. நல்லரத்தினம் இருபது வருடம் அரிசி ஆலையில் நெல் நிறுத்தவர். மூட்டையை ஒருதரம் தூக்கி வைத்துவிட்டு அறுபத்திநாலு என்பார். தராசில் போட்டால் அறுபத்திநாலுதான் இருக்கும். ஆளைப் பார்த்து எடைபோடுகிறவன் என்று ஊரில் சொல்வது பேச்சுக்கு. நல்லரத்தினத்துக்கு அதுவே உத்தியோகமாக வாய்த்தது. கம்பனி வாங்கிப்போட்ட தராசும் ஆலையில் இருக்கிற அதே இரும்புத் தட்டுத் தராசுதான்.

நெல் மூட்டை தன் நிறையை மறைக்காது. மனுசர் மறைப்பார்கள். பையில் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று நாலு சேலையை ஒன்றுக்கு மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு, கையை மடக்கக்கூட முடியாமல் வந்து நின்ற மாமாங்கத்து அம்மா ஒருத்தி. சாறனுக்குள் இடுப்பைச் சுற்றிக் கருவாடு கட்டிக்கொண்டு, முகத்தை மட்டும் பாடசாலை அதிபர் போல வைத்திருந்த ஒரு மனுசன். கண்ணால் பிடிக்க முன்னரே அவரை மூக்கால் பிடித்தாயிற்று. பெண்கள் தராசில் ஏறினால் நல்லரத்தினம் முள்ளைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். எண்ணை வாய்விட்டுச் சொல்லமாட்டார். எழுதிக் கையில் கொடுப்பார். அதனாலேயே அவருக்கு நல்ல பெயர் இருந்தது. அந்தக் காலத்தில் பகிடி விட்டு ஆட்களைச் சிரிக்கவும் வைப்பார். இப்போதைய நல்லரத்தினத்தைப் பார்த்தவர்கள் அதை நம்பமாட்டார்கள்.

இந்த மனுசனைப் பற்றி ஊரில் கேட்டால் முதலில் சொல்வது ஒன்றைத்தான். நிறை கூடிப்போயிற்று என்று பெண்சாதியைப் பிளேனில் ஏற்றாமல் இறக்கி, அடுத்த நாள் கடலுக்குக் கொடுத்தவர். ஊர் சொல்வது முழுப் பொய்யில்லை. பாதி உண்மை. மற்றப் பாதி அவருக்குத் தெரியும், அவருடைய மைத்துனிக்குத் தெரியும். தெரியவேண்டிய மகளுக்குத் தெரியாது.

அவர்கள் வீடு நாவலடியில். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். மட்டக்களப்பு வழக்கப்படி வீடு பெண்சாதி சின்னத்தங்கத்தின் சீதனம். பிறகு ஒரே மகள் யசோதினிக்குப் போகவேண்டியது. யசோதினி அப்போது இருபது வயதில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு விடுதியில் தங்கிக் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தாள். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க ஏலாது என்று டெலிபோனில் தாயிடம் அழுதாள். "அம்மா, வரக்குள்ள ரெண்டு சட்டி தயிர் கொண்டுவாங்க. உங்கட மிளகாய்த்தூளும் வறுத்த மாவும் கொண்டுவாங்க." இப்படி ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் நம்முடைய பெண்டுகள் சும்மா இருப்பார்களா? சின்னத்தங்கம் இரண்டு நாளாக இடித்தாள், வறுத்தாள், அரித்தாள். பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போகிற தாயை அந்தப் பக்கத்தில் ஒருவரும் கண்டதில்லை.

இரண்டாயிரத்து நான்கு டிசம்பர் இருபத்தைந்து, சனிக்கிழமை. நத்தார் நாள். பிளேன் நிறைந்துவிட்டது. எல்லோரையும் நிறுத்துக் கூட்டியபோது பதினாறு கிலோ அதிகம். கம்பனியில் ஒரு விதி இருந்தது. கந்தோர்க்காரரின் வீட்டார் இடமிருந்தால் மட்டும் போகலாம், நிறை கூடினால் முதலில் இறங்கவேண்டியவர்களும் அவர்கள்தான். சின்னத்தங்கத்தின் பை பத்தொன்பது கிலோ. பை நின்றால் அவள் போகலாம்.

"பையை வெச்சிற்றுப் போ," என்றார் நல்லரத்தினம். "திங்கட்கிழமைப் பிளேனில நான் போட்டு அனுப்புறன்."

"தயிர் திங்கட்கிழமை வரைக்கும் இருக்குமா? புளிச்சிப்போகும்."

"தயிர் ஒரு பெரிய விசயமா? நீ போ."

"புள்ள வாய்விட்டுக் கேட்டிருக்கு. வெறுங்கையோட போய் அந்தப் புள்ளட மூஞ்சியப் பாக்க எனக்கு ஏலா. நான் பையோட திங்கட்கிழமை போறன். அண்டைக்குப் புதுத் தயிரா வாங்குவம்."

மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். வான்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் பையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டாள். மெய்யைச் சொன்னால், நல்லரத்தினத்துக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோசம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி சோறு இருக்கும். இந்தச் சந்தோசத்தை அவர் பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை. கந்தோர் டெலிபோனில் மகளைக் கூப்பிட்டு, "நிறை கூடிப்போச்சு மகள், அம்மா திங்கட்கிழமை வாறா," என்று மட்டும் சொன்னார். பையைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது அதில் ஒன்றும் இருக்கவில்லை.

அடுத்த நாள் காலை திங்கட்கிழமைப் பட்டியல் எழுத டவுனுக்கு வந்திருந்தார். ஒன்பது மணிக்குப் பிறகு கல்லடிப் பாலத்தால் சனம் ஓடிவந்தது. கடல் வந்திட்டு, கடல் வந்திட்டு என்று கத்திக்கொண்டு வந்தார்கள். கடல் எப்படி வரும் என்று யோசித்துக்கொண்டு அவர் பேனையை மூடி வைத்தார். நாவலடிக்குப் போகப் பின்னேரமாயிற்று. வீடு இருந்த இடத்தில் மணல் இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாவிப் பக்கத்துக் கண்டல் மரங்களுக்குள் சின்னத்தங்கம் கிடைத்தாள். வலது காலில் பழைய தழும்பு இருந்தது, அதனால் தெரிந்தது. தூக்க ஆள் போதாமல் இருந்தது. ஒரு பக்கம் அவரே பிடித்தார். தூக்கியபோது, கேட்காமலே, அவருடைய கை எண்ணைச் சொல்லிற்று. அறுபத்தொன்று. சனிக்கிழமை அவள் ஐம்பத்திநாலு. மிச்சம் ஏழு கிலோவும் தண்ணீர்.

அந்த எண் வந்த கையோடு அவருக்கு எல்லாம் மரத்துப் போயிற்று. அழுகை வரவில்லை. பசி வரவில்லை, நித்திரை வந்தது. அகதி முகாமில் ஆறுதல் சொல்லவந்த ஒரு கிழவர், "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன தம்பி," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் முகத்தைத் திருப்பினார்கள். நல்லரத்தினம் ஓம் என்றார்.

யசோதினி பஸ்ஸிலும் லொறியிலும் மாறி மாறி ஏறிப் புதன்கிழமை வந்து சேர்ந்தாள். செவ்வாய் மாலையே புதைத்தாயிற்று. அந்த நாட்களில் யாரையும் வைத்திருக்க ஏலாது. முகாமிலிருந்து அவர் தன்னாமுனையில் சின்னத்தங்கத்தின் தங்கை அன்னப்பூரணியின் வீட்டுக்கு வந்திருந்தார். உள்ளே வந்த பிள்ளை அழ முன்னர் கேட்டதே ஒரு கேள்வி.

"அம்மா சனிக்கிழமை வாறதெண்டுதானே இருந்த. ஆர் இறக்கினது?"

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. சாவீட்டுக்கு வந்திருந்த யாரோ ஒருத்தி, "உங்கட அப்பாதான் புள்ள. நிறை கூடிப்போச்செண்டு இறக்கிப்போட்டாராம்," என்றாள்.

பிள்ளை தகப்பனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார். பையை வைத்துவிட்டுப் போ என்று நான் சொன்னேன், அவள்தான் கேட்கவில்லை. இவ்வளவுதான் சொல்லவேண்டியிருந்தது. ஆனால் ஏன் பையை விடவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதற்கு ஒரே பதில்தான் உண்டு. நீ கேட்டாய் மகள். தாயைப் புதைத்த மறுநாள் இருபது வயதுப் பிள்ளையிடம் இதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டார்.

எட்டாம் நாள் சடங்கு முடிந்து அவள் கொழும்புக்குப் போனாள். முப்பத்தோராம் நாளுக்கு வந்தாள், தகப்பன் இருந்த பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு வரவுமில்லை. அன்னப்பூரணிக்கு மட்டும் அவர் ஒருநாள் முழுக்கதையையும் சொன்னார். சொன்ன கையோடு, பிள்ளையிடம் சொல்லமாட்டேன் என்று மாமாங்கேஸ்வரர் மேல் சத்தியமும் வாங்கிக்கொண்டார்.

சுனாமியில் இழந்தவர்களுக்கு வீடு கொடுத்தபோது பதிவுகாரர் யார் பெயரில் என்று கேட்டார். "மகள்ட பேரில," என்றார் நல்லரத்தினம். மகள் எங்கே என்று கேட்டதற்குக் கொழும்பு என்றார். தாயின் வீடு மகளுக்குத்தான் என்ற வழக்கத்தைக் கடல் கொண்டுபோகவில்லை. அந்த வீட்டில் ஒரு பாய், ஒரு கதிரை, ஒரு அடுப்போடு அவர் காவல்காரர் போல இருந்தார்.

கந்தோர் வேலை தொடர்ந்தது. திரும்பவும் சண்டை வந்தது. வாகரைப் பக்கத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் மூட்டையோடு வந்தது. பிளேன் பல மாதம் நின்றது, மறுபடி ஓடியது. அவர் நிறுத்தார், எழுதினார், ஐம்பத்தைந்து நிமிடம் என்றார். இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம் சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன அன்று சந்தியில் சிலர் வெடி கொளுத்தினார்கள். சில வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்கள். இந்த மனுசனிடம் இரண்டும் இல்லை. "யுத்தம் முடிஞ்சிட்டாம் அண்ணன்," என்று வான்காரன் வந்து சொன்னான். "ஓம்," என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைத் தராசில் ஏறச் சொன்னார். கல்லில் குத்தினாலும் ஒரு சத்தம் வரும், இவரிடம் அதுவும் இல்லை என்று வான்காரன் வெளியே போய்ச் சொன்னான்.

அந்த ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கந்தோர் டெலிபோன் அடித்தது. அன்னப்பூரணி.

"அத்தான், யசோ இண்டைக்குக் கனடாவுக்குப் போகுது."

யசோதினி முந்தின வருடம் சுதாகரன் என்ற பையனைக் கலியாணம் முடித்திருந்தாள். அவன் கனடாவில். கலியாணத்துக்கு அப்பாவுக்கு அழைப்பு இல்லை, செய்தி மட்டும் வந்தது.

"எத்தனை மணிக்கு?" என்றார்.

"பன்னெண்டு மணிக்கு வீட்டிலிருந்து வெளிக்கிடுறாங்களாம். இனித் திரும்பி வராது அத்தான். அங்கதான்."

"எனக்குச் சொல்லச் சொன்னவவா?"

"'சொல்லுறதெண்டாச் சொல்லுங்க சின்னம்மா' எண்டிச்சி. மூணு நாளா நான்தான் சொல்லுறதா விடுறதா எண்டு குழம்பிப்போய் இருந்தன். என்ட பிழைதான். பஸ்ஸில போனா நீங்க பிடிக்கமாட்டீங்க. பிளேனில போங்க. போய் அந்தப் பையிட கதையை உங்கட வாயாலயே சொல்லுங்க. நாலரை வருஷமாச் செய்யாத பிழைய ஏன் சுமக்கிறீங்க? புள்ள உங்கள வெறுத்துக்கொண்டு போனா மறுகா எங்க வெச்சிச் சொல்லப்போறீங்க?"

அவர் றிசீவரை வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிளேன் எட்டரைக்கு. ஒன்பது இருபத்தைந்துக்கு இரத்மலானை. அங்கிருந்து வெள்ளவத்தை எட்டிப்பிடிக்கிற தூரம். ஏழு வருடமாக அடுத்தவருக்குச் சொன்ன எண்களைத் தனக்குச் சொல்லிப் பார்த்தார். பொருந்தியது.

பட்டியலில் ஒரு இடம் இருந்தது. நிறைதான் பிரச்சினை. பதினொரு பேரையும் நிறுத்து முடித்தபோது முப்பது கிலோதான் மிச்சம். அவர் தராசில் ஏறி நின்று தானே குனிந்து முள்ளைப் பார்த்தார். ஐம்பத்தொன்று. முன்னர் அறுபத்துநாலாக இருந்தவர். இருபத்தொரு கிலோ கூடுகிறது. இறங்கி, பட்டியலை மூடி, வானுக்கு ஆட்களை ஏறச் சொன்னார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றவில்லை.

காத்தான்குடி பஹ்மி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கைத்தறிச் சாறன் கட்டுகளைக் கொழும்புக் கடைகளுக்குக் கொண்டுபோகிற வியாபாரி. மாதம் இரண்டுதரம் இந்தத் தராசில் ஏறுகிறவர். நல்லரத்தினம் தராசில் ஏறியதை அவர் ஒருநாளும் கண்டதில்லை.

"என்ன அண்ணன், நீங்களும் போகணுமா?"

"மகள் வெளிநாடு போறா. இண்டைக்கு."

"அப்ப ஏறுங்களன்."

"நிறை கூட."

"எவ்வளவு?"

"இருபத்தொண்டு."

பஹ்மி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "என்ட கட்டு இருபத்திநாலு. இத இஞ்ச வெச்சிருங்க. சாமான்தானே அண்ணன், திங்கட்கிழமை வந்தாப் போதும். ஆள் போகணும்." கட்டைத் தூக்கி மேசைக்குக் கீழே தள்ளிவிட்டுப் போய் வானில் ஏறிக்கொண்டார்.

நல்லரத்தினம் கொஞ்ச நேரம் அந்தக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு லேசாக ஒரு மனுசன் சாமானை வைத்துவிட்டுப் போகிறார். பிறகு பட்டியலைத் திருத்தினார். பன்னிரண்டாவதாகத் தன் பெயரை எழுதினார். மூன்று கிலோ மிச்சம்.

பிளேன் மேலே எழும்பித் திரும்பியபோது வாவி முழுவதும் யன்னலில் தெரிந்தது. நாவலடி ஒரு நூல் போல இருந்தது. அவ்வளவு மெல்லிசான மணலில் இத்தனை வருடம் எப்படி வீடு கட்டி இருந்தோம் என்று அவர் நினைத்தார். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் பஹ்மி கண்ணை மூடி ஓதிக்கொண்டிருந்தார். நல்லரத்தினம் தான் சொல்லப்போகிற வசனத்தை மனதுக்குள் ஓட்டினார். நாலரை வருடமாக அடுக்கி வைத்த வசனம். பையை வெச்சிற்றுப் போகச் சொல்லி நான் மூணுதரம் சொன்னனான் மகள். அம்மாதான் மாட்டனெண்டவ. அவ்வளவுதான். தராசுத் தட்டிலிருந்து இறங்குவதுபோல் இறங்கிவிடலாம். பிள்ளைக்கும் இப்போது இருபத்தைந்து வயது. தாங்கும்.

ஐம்பத்தாறு நிமிடத்தில் இறங்கியது. விமானத்தள வாசலில் படையினர் அடையாள அட்டையைப் பார்த்து, எங்கே, எதற்கு என்று கேட்டார்கள். மகள் வெளிநாடு போகிறாள் என்றார். விட்டார்கள்.

வெள்ளவத்தையில் மாப்பிள்ளை வீட்டாரின் மூன்றாம் மாடி வீடு. கதவைத் திறந்தது யசோதினிதான். கண்ணாடி போட்டிருந்தாள். தகப்பன் ஒல்லியானதை அவள் கண்டது முகத்தில் தெரிந்தது.

"வாங்க," என்றாள். அப்பா என்று சொல்லவில்லை.

நடு அறையில் இரண்டு பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. மாப்பிள்ளையின் தாய் அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனாள். ஒரு பெட்டிக்கு இருபத்திமூன்று கிலோ, அதற்குமேல் ஏற்றமாட்டார்கள் என்று யசோதினி சுவருக்குச் சொல்வதுபோல் சொன்னாள். நல்லரத்தினத்துக்கு வேறு ஒன்றும் செய்யத் தெரியவில்லை. எழும்பிப் போய் முதல் பெட்டியை மூடித் தூக்கினார்.

"இருபத்திரெண்டரை. இது சரி." மற்றதைத் தூக்கினார். "இது இருபத்தஞ்சு. ரெண்டு கிலோ இறக்கவேணும்."

அவள் குந்தி இருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒரு சோடிச் சப்பாத்து. ஒரு தடித்த புத்தகம். எடுத்ததை அவர் வாங்கி வாங்கிப் பக்கத்தில் வைத்தார். தகப்பனும் மகளும் சேர்ந்து ஒரு வேலை செய்து நாலரை வருடம். இதுதான் நேரம், இப்போது சொல்லிவிடலாம் என்று அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்பா," என்றாள் அவள். கையில் புத்தகத்தைப் பிடித்தபடி, நிமிராமல். "நான் ஒண்டு கேப்பன். மறைக்காமச் சொல்லணும்."

"கேளுங்க மகள்."

"அண்டைக்கு அம்மா, நான் கேட்ட சாமானெல்லாம் கட்டிக்கொண்டு வந்தவவா?"

அவர் கையிலிருந்த சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"நான் ரெண்டு சட்டி தயிர் கேட்டனான். வறுத்த மா கேட்டனான், தூள் கேட்டனான். நிறை கூடினதெண்டீங்களே, அது அதாலயா?" அவளுடைய குரல் ஒவ்வொரு சொல்லுக்கும் மெலிந்துகொண்டு போனது. "ஆரும் எனக்கு இதச் சொல்லயில்ல. நானா நினைக்கிறன். ஒவ்வொரு நாளும் நினைக்கிறன். சின்னம்மாகிட்டக் கேக்கப் பயம். உங்களக் கேக்கிற பயத்திலதான் நான் உங்களோட கதைக்கயில்ல. உங்களில கோபம் எண்டு எல்லாரும் நினைச்சாங்க. நானும் அப்பிடித்தான் வெச்சிருந்தன். எனக்கிட்டச் சொல்லுங்க அப்பா. போக முதல் எனக்குத் தெரியணும்."

இப்போது நிமிர்ந்து பார்த்தாள். கோபமான முகம் என்று அவர் நாலரை வருடமாக நினைத்திருந்த முகம் அது. அதில் கோபம் ஒரு துளிகூட இல்லை. முழுக்கப் பயம். தராசில் ஏறி நின்றுகொண்டு முள் எங்கே போய் நிற்கப்போகிறது என்று பார்க்கிற சனத்தின் முகம் அப்படித்தான் இருக்கும்.

வசனம் அவருடைய நாக்கில் தயாராக இருந்தது. அதே வசனம்.

"இல்ல மகள்," என்றார்.

"இல்லையா?"

"ஒண்டும் கொண்டுவரயில்ல. ஒரு கைப்பையும் குடையும்தான்."

"அம்மாவா? அம்மா வெறுங்கையோடயா வெளிக்கிட்டவ?" அவள் நம்பவில்லை. தாயைத் தெரிந்த எந்தப் பிள்ளைதான் நம்பும்?

"அவ கட்டித்தான் வெச்சிருந்தவ. நான்தான் விடயில்ல." ஒருநாளும் பொய் சொல்லத் தெரியாத மனுசனுக்கு எங்கிருந்து வந்ததோ, சொல் தடங்கலில்லாமல் வந்தது. "கந்தோரில எனக்குப் பேச்சு விழும், இந்தச் சட்டி பானையெல்லாம் காவ ஏலாதெண்டு வெள்ளிக்கிழமையே சத்தம் போட்டனான். அவ அழுதவ. பையை வீட்டில வெச்சிற்றுத்தான் கூட்டிக்கொண்டு வந்தன்."

"அப்ப நிறை?"

"கடைசி நேரத்தில ஒரு பெரிய உத்தியோகத்தர் வந்திட்டார். அவருக்கு இடம் குடுத்தா எனக்கு நல்லமெண்டு நினைச்சன். அம்மாவ இறங்கச் சொன்னன்."

"ஆரோ ஒராளுக்காகவா?"

"ஓம்."

"நான் கேட்ட சாமானால இல்ல."

"உங்களால ஒண்டுமில்ல மகள். அந்தப் பை அண்டைக்கு வீட்டுப் படியத் தாண்டயில்ல."

புத்தகம் அவள் கையிலிருந்து விழுந்தது. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாய் செத்த அன்று அழாத அழுகை. மூச்சு அடியிலிருந்து வந்தது, வந்து வந்து முழுவதும் வெளியே போயிற்று. மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்றுவிட்டாள். நல்லரத்தினம் கையை நீட்டினார், பிறகு அந்தக் கைக்கு இங்கே உரிமை இல்லை என்று மடக்கிக்கொண்டார். நெஞ்சுக்குள் ஏதோ பிடித்து இழுத்தது. வலித்தது. வலி எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்த மனுசன், அது என்ன என்று விளங்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். முகம் வேறாக இருந்தது. பயம் போயிருந்தது. அந்த இடத்தில், இத்தனை வருடம் இல்லாத கோபம் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தது.

"உங்கள நான் ஒருநாளும் மன்னிக்கமாட்டன் அப்பா."

"வேணாம் மகள்," என்றார் நல்லரத்தினம். "சுகமாப் போய்ச் சேருங்க."